காற்றுக்கார அக்காவும் ஆறு பெட்டிகளும்

எங்கள் ஆய்வுப் பண்ணையில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய வேலை காற்றைப் பிடித்துக் குப்பியில் அடைப்பது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு "சும்மா கதை விடாதப்பா" என்பார்கள். நானும் சிரித்தவன்தான். எங்கள் வீட்டில், ஏன், எங்கள் தெருவிலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதுகலைப் பட்டத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வேலையில் சேர வந்த முதல் நாள், டைரக்டர் என்னை வரப்பு வழியாக அழைத்துப் போய், நெல் வயலின் நடுவே பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியைக் காட்டினார்.

"இவங்க பிடிச்சுக் குடுக்கிற காத்தைத்தான் நீ கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்றார்.

நான் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவந்த எங்கள் டைரக்டர், வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி அப்படியே கல்லாய் நின்றுவிட்டார். அவரே நிற்கும்போது நான் எம்மாத்திரம்? எட்டு நிமிஷம் இருவரும் நின்றோம். என் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, சாவகாசமாகக் கை கழுவி, எழுந்து போனது. அக்கா ஒரு சிரிஞ்சை இழுத்துக் குப்பியில் அடைத்து, நோட்டில் ஏதோ எழுதினார். அப்புறம்தான் திரும்பினார்.

"யாரு சார் இது? காலை மாத்தி மாத்தி நிக்கிறாரு?"

இப்படித்தான் எனக்கு வேலை ஆரம்பித்தது.

வேலை என்னவென்றால் இதுதான். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற நெல் வயலில் சேற்றுக்கு மூச்சு முட்டும். முட்டுகிற சேறு மீத்தேன் என்கிற வாயுவைக் குமிழி குமிழியாக வெளியே தள்ளும். அது வானத்துக்கு ஏறி உலகத்தையே சூடாக்கும். தண்ணீரை எந்நேரமும் தேக்காமல், வயலைக் கொஞ்சம் காயவிட்டு, மறுபடி பாய்ச்சி, மறுபடி காயவிட்டால், நெல் குறையாமல் வாயு குறையும். எவ்வளவு குறையும், யார் மண்ணில் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து நாடுகள் கைகோத்திருந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் மூன்று, மலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, ஐந்தாவதாக நாங்கள். எல்லோருக்கும் ஒரே விதை, ஒரே அளவுப் பெட்டி, ஒரே படிவம்.

எங்களுக்கு ஆறு பாத்திகள். மூன்றில் எப்போதும் தண்ணீர், மூன்றில் காயக் காயப் பாய்ச்சல். ஒவ்வொரு பாத்தியிலும் சேற்றில் ஒரு சதுரச் சட்டம் பதிந்திருக்கும். அதன்மேல், நெற்பயிரோடு சேர்த்து, கண்ணாடி மாதிரியான ஒரு பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த உடனே ஒரு சிரிஞ்சு காற்று, பத்தாம் நிமிஷம் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. ஒரு பெட்டிக்கு நான்கு குப்பி. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் ஆறாவது பெட்டி முடிய பதினொன்றரை ஆகிவிடும். அந்த அரை அரை மணி நேரமும் அக்கா பலகை மேல் அசையமாட்டார். அசைந்தால் பலகை ஆடும், பலகை ஆடினால் சேறு ஆடும், சேறு ஆடினால் அடியில் தூங்குகிற குமிழிகளெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அக்கா எட்டாவதுவரை படித்தவர். இதே பண்ணையில் நாற்று நடுகிற வேலைக்குத்தான் வந்தார். முதன்முதலில் பெட்டி வந்து இறங்கியபோது ஒரு பட்டதாரியை உட்கார வைத்தார்களாம். அவருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கால் மரத்துப்போகும். அடுத்து வந்தவர் போனில் பேசிக்கொண்டே காற்று எடுத்தார். பக்கத்துப் பாத்தியில் நட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "சார், வயலு காத்து விடல. இவரு ஆடுற ஆட்டத்துக்குத்தான் அது வருது" என்றிருக்கிறார். டைரக்டர் அன்றைக்கே சிரிஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

இதில் நொந்துபோனவர் ஒருவர்தான். அக்காவின் வீட்டுக்காரர். அவர்தான் பண்ணையின் டிராக்டர் ஓட்டுநர். காற்று எடுக்கிற நாளில் பதினொன்றரைவரை டிராக்டர் கிட்டே வரக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

"ஏம்மா, நீ காத்து பிடிக்கிறதுக்கு ஊரே மூச்சு விடாம நிக்கணுமா?" என்று வரப்பிலிருந்து கத்துவார்.

"கத்துறதை மெதுவாக் கத்துங்க. நாலாவது பெட்டில பத்தாவது நிமிஷம் ஓடுது."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு எந்த நிமிஷம் ஓடுதுன்னு கேட்டிருக்கியா?"

"உங்களுக்கு மூடி போட முடியலையே, போட்டா அளந்து சொல்லிடுவேன்!"

இவர்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'விஞ்ஞானி' என்று எழுதிவிட்டாள். வாத்தியாரம்மா கூப்பிட்டு விசாரிக்க, "ஆமா டீச்சர், அஞ்சு நாட்டுக்கு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். அக்கா அதைக் கேட்டு வெட்கத்தில் முகம் சிவந்தாலும், அந்த வாரம் முழுக்கப் பலகையில் இன்னும் ஒரு சாண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன்.

இப்படி மூன்று பருவம் ஓடிய பிறகுதான் அந்த மெயில் வந்தது.

ஐந்து நாட்டுக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறவர் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் இருக்கிற புள்ளியியல் விஞ்ஞானி. நாங்கள் கணக்கம்மா என்போம். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். "படி" என்று திரையை என் பக்கம் திருப்பினார். மற்ற நாடுகளில் ஒரே மாதிரியான மூன்று பாத்தியில் எடுத்தால் மூன்று எண்ணும் எங்கெங்கோ சிதறி நிற்கிறதாம். எங்களிடம் மட்டும் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். ஒரே பெட்டியில் எடுத்த காற்றை மூன்று பெட்டியின் குப்பிகளிலும் நிரப்பியிருக்க வாய்ப்பு உண்டாம். சந்தேகம் தீரும்வரை எங்கள் மூன்று பருவக் கணக்கையும் கூட்டு ஆய்விலிருந்து தள்ளி வைக்கிறாராம். இரண்டு வாரத்தில் நேரில் வருகிறாராம்.

அக்காவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கருவிக் கொட்டகையில் சிரிஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அவர் கை நின்றது.

"அதாவது, ஒரு பெட்டில எடுத்துட்டு மூணு பெட்டின்னு ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க."

"அப்படி நேரா சொல்லலக்கா... வாய்ப்பு இருக்குன்னு..."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கொல்லென்று சிரித்துவிட்டார். "ஐயையோ தம்பி! அப்படி ஒரு வழி இருக்கா? மூணு வருஷமா இடுப்பு ஒடிய ஒடிய உக்காந்தேனே, எனக்கு இது தோணவே இல்லையே!"

நானும் சிரித்தேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு அடங்கிய பிறகும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் அது வேறு நீர் என்று எனக்கு உறைத்தது.

"காத்து வேணாம்னா வேணாம்னு தள்ளட்டும்" என்றார். "ஆனா நான் பொய் சொன்னவள்னு தாள்ல ஏறிடக் கூடாது. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல போய் என்னென்னவோ சொல்லி வச்சிருக்கு."

கணக்கம்மா வந்தார். நெட்டையாக, வெயிலுக்குப் பழகாத சிவந்த மூக்கோடு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. கடுகடுப்பானவர் என்று நினைத்திருந்தேன். ஆள் அப்படியில்லை, நாய்க்குட்டியிடம்கூட "மன்னிக்கவும்" சொல்லி விலகிப் போகிறவர். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் சொந்தத் தாயைக்கூட நம்பமாட்டார் என்று டைரக்டர் காதில் கிசுகிசுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணி. வரப்பில் கணக்கம்மா, டைரக்டர், நான். தள்ளி, டிராக்டர் மேல் அக்காவின் வீட்டுக்காரர், ஏதோ தேர்வு முடிவுக்கு வந்தவர் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு.

முதல் பெட்டி அம்சமாக முடிந்தது. அக்கா இரண்டாவது பாத்தியின் பலகையில் வெறுங்காலோடு நடந்து போனார். பாதியில் நின்றார். குனிந்தார். சட்டத்துக்குள் இருந்த தண்ணீரையே பார்த்தார். பெட்டியைத் தொடாமல் திரும்பி வந்துவிட்டார்.

"இதுல எடுக்க முடியாது. கலைஞ்சிருக்கு."

டைரக்டருக்கு வியர்த்தது. "என்னம்மா, அவங்க இவ்வளவு தூரத்துல இருந்து வந்து நிக்கிறாங்க..."

"அதுக்கு? சேறு கிளறிக் கிடக்கு சார். தண்ணி இன்னும் தெளியல. இன்னிக்கு எடுத்தா அது வயலோட காத்து இல்ல."

நான் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் எடுத்துடுங்க. எடுக்கலேன்னா பயந்துட்டு ஒதுங்குறீங்கன்னு நினைப்பாங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஏன்டா தம்பி, நான் பொய் சொல்லலைன்னு காட்டறதுக்கு ஒரு பொய்க் காத்து பிடிக்கச் சொல்றியா?" என்று கேட்டார். நான் என் முதுகலையோடு ஓரடி பின்வாங்கினேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் கணக்கம்மா. சொன்னேன். அவர் மூக்கு இன்னும் சிவந்தது. கையைப் பிசைந்தார். பிறகு, திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் மாதிரி, மெதுவாக ஒப்புக்கொண்டார். காலை ஏழு மணிக்கு யாருக்கும் தெரியாமல் வந்து, இரண்டாவது பாத்தியின் சேற்றைக் குச்சியால் கிளறிவிட்டவர் அவரேதான்! மூன்று பெட்டியிலும் தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது எண் மட்டும் எகிற வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தால் குட்டு உடைந்துவிடும். பொறி என்னவோ அருமையான பொறிதான். எலி வந்து, மோந்து பார்த்து, பொறி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இப்படிக் கலைந்திருந்தால் வழக்கமாக என்ன செய்வார்?" என்று கேட்டார்.

"எழுதி வச்சிட்டு, மறுநாள் வந்து எடுப்பேன்" என்றார் அக்கா. "பாதியில கலைஞ்சாலும் நாலு குப்பியும் எடுத்து முடிச்சு, சிவப்பு மூடி போட்டு ஒதுக்கி வச்சிடுவேன். மறுநாள் புதுசா எடுப்பேன்."

"எங்கே எழுதுவார்?"

அக்கா நோட்டை நீட்டினார். கணக்கம்மா புரட்டினார். மொழி தெரியாததால் என்னிடம் தள்ளினார். "ஒரு சொல் விடாமல் படியுங்கள்" என்றார்.

நான் படித்தேன்.

"ரெண்டாவது பெட்டி. கலைஞ்சுது. தவளை." "அஞ்சாவது. கலைஞ்சுது. நாய் துரத்திக்கிட்டு வந்துது." "மூணாவது. கலைஞ்சுது. நான் தும்மிட்டேன்." "ஒண்ணாவது. கலைஞ்சுது. டைரக்டர் சார் கிட்ட வந்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டார்." "நாலாவது. கலைஞ்சுது. வீட்டுக்காரர் டிராக்டர்." "ஆறாவது. கலைஞ்சுது. மறுபடி வீட்டுக்காரர்."

"ஏய், என்னையா எழுதி வச்சிருக்கா?" என்று டிராக்டர் மேலிருந்து ஒரு குரல்.

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, கணக்கம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மூன்று பருவத்தில் நூற்றுப் பதினேழு கலைச்சல். அதில் இருபத்திரண்டு டிராக்டர். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். "இதில் ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லையே, ஏன்?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். டிராக்டர்கூட என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல..." என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டம் இல்லை என்பது பாதிதான். தவளை, தும்மல், நாய் என்றிருப்பதைப் பார்த்து, இது என்ன வயல்காட்டுக் கதை, ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் படிக்கிற தாளில் இதையா ஏற்றுவது என்று நானே ஒதுக்கிவிட்டேன். மூன்று பருவமாக நாசூக்காகத் துடைத்துத் துடைத்து, நல்ல எண்களை மட்டும் ஏற்றியிருக்கிறேன். எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி இல்லாமல் வந்து நின்றால், எந்தக் கணக்கம்மாவுக்கும் மூக்கில் வியர்க்கத்தான் செய்யும். அக்காவைப் பொய்க்காரியாக்கியது நான். கல்லூரியில் பொற்பதக்கம் வேறு!

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் அழுதுக்கலாம்" என்றார் அக்கா. "அந்தச் சிவப்பு மூடிக் குப்பிங்களை என்ன பண்றதுன்னு கேளு. எறிய மனசு வரல. இந்தப் பருவத்துது எல்லாம் டப்பாவுலதான் இருக்கு."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கணக்கம்மா பூட்ஸ் காலோடு கொட்டகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஓடும்போது பாதி வரப்பில் வழுக்கி, ஒரு கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போய், பூட்ஸ் அங்கேயே தங்கிவிட்டது. அவர் நிற்கவில்லை. ஒற்றைப் பூட்ஸோடு ஓடினார்.

இரண்டு நாள் வாயு அளக்கும் இயந்திரம் ஓயாமல் ஓடியது. சிவப்பு மூடிக் குப்பிகளின் எண்கள் திரையில் வரத் தொடங்கியதும் கணக்கம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று கூரைக்கு மேலே! மற்ற நான்கு நாடுகளின் எண்கள் எப்படிச் சிதறிக் கிடந்தனவோ, அச்சு அசல் அதே சிதறல். "எங்கள் ஆட்கள் தவளையை எழுதுவதே இல்லை!" என்று கூவினார். "நாங்கள் இத்தனை வருஷமாக அளந்தது பாதி நெல், பாதி தவளை!"

ஆனாலும் முடிவைத் தனியாக எடுக்க அவருக்கு அதிகாரமில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார். நான் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துக் கொடுத்த நோட்டையும், மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நாடும் கூடிப் பேசித்தான் சொல்ல வேண்டும். பதினோரு நாள் ஆகியும் பதிலில்லை. அக்கா வழக்கம்போல வந்தார், உட்கார்ந்தார், எடுத்தார். மகள் மட்டும் தினமும் மாலையில் எனக்கு போன் செய்து, "மாமா, அம்மா இன்னும் விஞ்ஞானிதானா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரை மணி சுமாருக்கு மெயில் வந்தது. ஒருமுறை படித்தேன். நின்றுகொண்டு படித்தேன். டைரக்டர் அறைக்கு ஓடினேன். அவர் அதற்குள் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க மறந்து, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போ, ஓடு!" என்றார். வரப்பில் நான் ஓடிய ஓட்டத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் கோப்பையே கொடுத்திருப்பார்கள். வழியில் அக்காவின் வீட்டுக்காரர் மறித்தார். "என்னடா மாப்ளே?" மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவரும் ஓடி வந்தார். பின்னால் டைரக்டரும்.

அக்கா ஐந்தாவது பெட்டியருகே உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஒரு விரல் உயர்ந்தது.

இருபதாவது நிமிஷம் முடிந்து, முப்பதாவதுக்கு இன்னும் பத்து நிமிஷம்!

மூன்று ஆண்கள் வரப்பில் வரிசையாக நின்றோம். உலகத்திலேயே இனிப்பான செய்தி என் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வீட்டுக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரைப் பார்த்து டைரக்டருக்குச் சிரிப்பு வந்துவிட, அவர் வானத்தைப் பார்த்தார். நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தே அக்காவுக்குப் பாதி தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பது ஆனதும் சிரிஞ்சை இழுத்தார், குப்பியில் அடைத்தார், மூடியைத் திருகினார், நேரத்தை எழுதினார், பெட்டியைத் தூக்கினார், பலகையில் அடி மேல் அடி வைத்து வரப்புக்கு வந்தார்.

"இப்ப சொல்லு."

"மூணு பருவக் கணக்கும் உள்ள வந்துடுச்சுக்கா! ஒண்ணு விடாம! நீங்க எடுத்ததுதான் அஞ்சு நாட்டுலயும் சுத்தமான கணக்குன்னு போட்டிருக்காங்க. இனிமே எல்லா நாட்டுலயும் உங்க மாதிரிதான் எடுக்கணுமாம். எப்படி உக்காரணும், எப்ப எடுக்கக் கூடாதுன்னு நீங்க வீடியோல சொல்லிக் குடுக்கணுமாம், அடுத்த மாசம், நாலு நாட்டுக்கும்!"

"பொய்யுன்னு எங்கேயும் எழுதலையே?"

"எழுதலக்கா. கணக்கம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க. நானும்தான் கேக்கறேன்."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். "பொண்ணுக்கு போன் போடுங்க" என்றார். "ஸ்கூல்ல இருப்பாளே" என்று அவர் இழுக்க, "டீச்சருக்கே போடுங்க!" என்றார்.

பிறகு ஆறாவது பெட்டிக்குப் போனார். எத்தனை சந்தோஷமானாலும் ஆறாவது ஆறாவதுதானே. பலகையில் உட்கார்ந்தார். பெட்டியைக் கவிழ்த்தார். சிரிஞ்சைப் பொருத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அக்காவின் தோள் மெல்லக் குலுங்கியது. நிறுத்தினார். மறுபடி குலுங்கியது. பலகை ஆடியது, சேறு ஆடியது, அடியில் தூங்கிக்கொண்டிருந்த குமிழிகளெல்லாம் விழித்துக்கொண்டு, பெட்டியைச் சுற்றி, பலகையைச் சுற்றி, பாத்தி முழுக்க வெடித்தன. மூன்று வருஷமாக ஒரு தும்மலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த மனுஷி, சிரிஞ்சை மடியில் போட்டுவிட்டுத் தலையை அண்ணாந்து சிரித்தார்.

"போங்கய்யா, எல்லாரும் போங்க!" என்றார், சிரிப்புக்கு நடுவே. "என்னால இன்னிக்கு ஒரு நிமிஷம்கூட உக்கார முடியாது!"